அறுபத்தொரு விழுக்காடு

அறுபத்தொன்றில் இருந்தபோது
அம்மா சுடுநீர்ப் பெட்டியைப் போட்டாள்.
ஏற்கெனவே இஸ்திரி, சோற்றுப் பானை, ஏர்கான்.
டப்.
யீஷூனில், பதினோராம் மாடியில்
எங்கள் வீடு மட்டும் இருண்டது.

நாற்காலியில் ஏறி
ஃபியூஸ் பெட்டியின் கறுப்பு விசையைத் தள்ளினேன்.
விளக்கு வந்தது. விசிறி வந்தது.
கணினிகூட முனகிக்கொண்டு எழுந்தது.
டிஸ்க் டிரைவ் வரவில்லை.
பொத்தானை அழுத்தினால் வாய் திறக்கவில்லை.
அப்படி ஒருவரைத்
தெரியவே தெரியாது என்றது கணினி.

யுகேந்திரனுடையது.
தெக்கோங் தீவில் அவன்
சேற்றில் ஊர்ந்துகொண்டிருக்கிறான்.
கேட்காமல் தொட்டேன்.
கீறல் விழுந்த அவன் வட்டுகளைப் படிக்கவைத்து
ஆச்சரியப்படுத்தத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.
உண்மையில்
என்னால் முடியுமா என்று பார்க்க.

ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு சாவி உண்டு,
முப்பத்திரண்டு எழுத்து.
தாய்ப்பலகை அதைக் கேட்கும்.
சொல்லத் தெரியாத எதை வாங்கி மாட்டினாலும்
விருந்தாளியாகக்கூடச் சேர்க்காது.
சாவியைச் சேமித்த கோப்பின் அளவு
இப்போது பூஜ்யம்.
மிச்சம் இருந்தது
ஃபேர்பிரைஸ் ரசீது ஒன்று.
முன்பக்கம் சார்டின் மூன்று, முட்டை,
அம்மாவின் முதுகுக்குக் கோயோக்.
பின்பக்கம் பால்பாயின்டில் என் கிறுக்கல்.

ஒன்பதாவது எழுத்து
எட்டா, ஆங்கில பியா?

பாலிடெக்னிக் நோட்டுகளைப் பரப்பி
என் எட்டுகளைத் தேடினேன்.
நிதானமாக எழுதியவை இரண்டு வட்டம்.
அவசரத்தில் எழுதிய எட்டெல்லாம் பி.
எந்த அவசரத்தில் இருந்தேன் அன்று?

அதற்கு முன் அதை எழுப்ப வேண்டும்.
சிம் லிம் ஸ்குவேரில் பதினெட்டு வெள்ளிக்கு வாங்கிய அட்டை,
நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர், ஒரு விசை.
மின்சாரத்தை நிறுத்தி
நிரல் கேட்கும் அதே நொடி திரும்பக் கொடுக்கணும்.
முந்தினால் திரையில் ஐம்பத்தொன்று.
பிந்தினாலும் ஐம்பத்தொன்று.
எழுபத்திரண்டு வந்தால்
உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வியாழன் இரவு ஐம்பத்தொன்று.
வெள்ளி காலை, வகுப்புக்குப் போகாமல், ஐம்பத்தொன்று.
நாற்பதுக்குப் பிறகு எண்ணுவதை விட்டேன்.
‘என்னடி டிக்கு டிக்குனு?
அவன் வர்றதுக்குள்ள அந்தக் குப்பைய எடுத்து வை.’

மாலை ஆறேகாலுக்குக் கைபேசி அதிர்ந்தது:
படகு ஏறிவிட்டான்.
திடுக்கிட்டதில் விரல் விசையில் வழுக்கியது.
எழுபத்திரண்டு.

கத்தினேன்.
‘அம்மா, பத்து நிமிஷம் எதையும் போடாதே!’
எல்லாவற்றையும் அணைத்துவிட்டு
வியர்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தோம்,
திரை வெளிச்சத்தில் அவள் மூக்குத்தி மட்டும் மின்ன.
அறுபதில் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.
என்ன செய்கிறேன் என்று தெரியாது அவளுக்கு.
எண் மட்டும் தெரிந்திருந்தது.

எட்டு என்று எழுதினேன்.
எட்டு இல்லை.
மறுபடி விசை, மறுபடி ஐம்பத்தொன்றுகள்,
அவன் இந்நேரம் பாசிர் ரிஸ்ஸில் இறங்கியிருப்பான்,
எழுபத்திரண்டு,
பி.

தட்டு மெல்ல வெளியே வந்தது,
காய்ச்சல்காரன் மருத்துவருக்கு
நாக்கை நீட்டுவதுபோல.

ஒன்பது மணிக்கு வந்தான்.
மொட்டைத் தலை, கழுத்தெல்லாம் கொசுக்கடி,
தடியாய் ஒரு பச்சைப் பை.
மூன்று தட்டுச் சோறு தின்றான்.
காலுறையோடு ஹாலில் சாய்ந்தவன்
கால் கட்டைவிரலால் பொத்தானைத் தட்டினான்.
தட்டு வந்தது. போனது.

‘இது முன்ன இப்படி முனகாதேக்கா.’

‘அப்படியா?’ என்றேன்.

சமையலறையில் அம்மா
எதற்கோ பலமாக இருமினாள்.
அவன் அதற்குள் தூங்கியிருந்தான்.
ஞாயிறு மாலை பையைத் தூக்கும்வரை
ஒரு வட்டுகூடப் போடவில்லை.